கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்: கறுப்புத் தேயிலையின் பிரதேச வேறுபாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்களில் தேயிலைத் தோட்டம் எதுவும் கிடையாது. ஆயினும் வயலுக்குப் போகிறவர் முதல் வாவியில் வலை வீசுகிறவர் வரை, விடியற்காலையில் ஒரு வெறுந்தேத்தண்ணி குடிக்காமல் வேலையைத் தொடங்குகிறவர்கள் இங்கே குறைவு. இவ்வளவு குடித்தும், கடையில் ‘தேயிலை 100 கிராம்’ என்று சொல்லி வாங்குவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது எங்கே விளைந்தது, ஏன் போன முறை வாங்கியதைவிட இது வேறு விதமாக இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கே இங்கு விடை எழுதப்பட்டுள்ளது.

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வேறு வேறு செடிகளா?

இல்லை. இரண்டும் கமெலியா சைனென்சிஸ் என்னும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. அந்த இனத்துக்குள் சிறிய இலை கொண்ட சீன வகையும் பெரிய இலை கொண்ட அசாம் வகையும் உள்ளன. முன்னது குளிரைத் தாங்கும், பின்னது வெப்பத்திலும் ஈரத்திலும் செழிக்கும். கொழுந்து கறுப்பாவது தொழிற்சாலையில்தான். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வாட்டி, பின்னர் இயந்திரத்தில் இட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே கிடந்த நொதியமும் கட்டெக்கின் எனப்படும் பொருள்களும் ஒன்றுசேர்ந்து, காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிகின்றன. அந்த வினையில் உருவாகும் தியாஃபிளேவின்கள் தேநீருக்குப் பளிச்சென்ற பொன் சாயலையும் நாவைச் சுண்டும் விறுவிறுப்பையும் கொடுக்கின்றன; தியாருபிஜின்கள் சிவந்த சாயத்தையும் கனத்தையும் கொடுக்கின்றன. போதுமான அளவு வினை நடந்ததும் சூடான காற்றால் உலர்த்தி அதை நிறுத்திவிடுவார்கள். பச்சைத் தேயிலையில் இந்த வினை தொடங்கும் முன்பே இலையைச் சூடாக்கி நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறார்கள்.

செடி ஒன்று, செய்முறையும் ஏறக்குறைய ஒன்று என்றால், ஊருக்கு ஊர் சுவை மாறுவது எதனால்?

நிலத்தின் உயரம், காற்றும் மழையும் வரும் காலம், செடியின் வகை, தொழிற்சாலையின் கைப்பக்குவம் ஆகிய நான்கும் சேர்ந்தே சுவையை முடிவு செய்கின்றன. உயரமும் குளிரும் கூடக் கூடக் கொழுந்து மெதுவாக வளரும். அப்படி வளர்ந்த கொழுந்தில் மணம் மிகும், சாயம் மெலியும். தாழ்ந்த, சூடான நிலத்தில் கொழுந்து விரைந்து வளர்ந்து கடும் சாயத்தையும் திடத்தையும் தரும். உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இலங்கையைப் பொறுத்தவரை உயரத்துக்குச் சமமாகக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே இதை எழுதுபவரின் கருத்து.

இலங்கைத் தேயிலையை எப்படிப் பிரிக்கிறார்கள்?

தொழிற்சாலை அமைந்திருக்கும் உயரத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீற்றர், அதாவது 2000 அடி வரை தாழ்நிலத் தேயிலை. 600 முதல் 1200 மீற்றர் வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். இதற்கு அப்பால் நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, ருகுணு, சபரகமுவ என ஏழு பிரதேசங்கள் வழக்கில் உள்ளன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதே இங்கு வணிகப் பயிர்ச்செய்கையின் தொடக்கம். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த மலைகளை வெட்டித் தோட்டமாக்கியவர்களும் இன்றுவரை கொழுந்து பறிப்பவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தவர்கள் என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊவாத் தேயிலை தனித்துப் பேசப்படுவது ஏன்?

ஊவாவை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பாருக்கு வேறு பாடம் தேவையில்லை. கச்சான் காற்றை அறிந்திருந்தால் போதும். மே மாதக் கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று, கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கும்போது அது அமுக்கம் கூடிச் சூடேறி, ஈரமற்ற காற்றாகிவிடுகிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைச் சரிவுகளில் தேயிலைச் செடிகளை உலுக்கிவிட்டு இறங்கும் அந்தக் காற்றுத்தான், செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் முற்றத்து மணலை வாரி முகத்தில் அடித்து, உதட்டை வெடிக்கச் செய்து, மத்தியானத்தில் கதவைச் சாத்த வைக்கும் கச்சானாக நம்மிடம் வந்து சேருகிறது.

இந்த வறட்சியைத் தாங்குவதற்காகச் செடி தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. கொழுந்து சிறுத்து, அதில் மணப்பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் முதன்மையானது மெதைல் சாலிசிலேற்று. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் பூசும் தைலங்களில் கலக்கப்படுவதும் அதே பொருள்தான். எனவே, நல்ல ஊவாத் தேநீரை முதன்முறை குடிக்கிறவர்கள் ‘இதென்ன, மருந்து மணக்கிறது’ என்று கோப்பையைத் தள்ளிவைப்பதும் உண்டு. பழகியவர்களோ அந்தக் குளிர்ந்த, கூரிய மணத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். யப்பானிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே வாங்குவோர் இருக்கிறார்கள்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரையான இந்தக் காலத்தையே ஊவாவின் தரப்பருவம் என்கிறார்கள். அதே தோட்டத்தில், அதே செடியில், வாடைக்காற்று மழை கொண்டுவரும் நவம்பரில் பறித்த கொழுந்துக்கு இந்த மணம் இராது. அது திடமான, நல்ல, ஆனால் சாதாரணமான தேயிலை. பக்கெற்றில் ‘ஊவா’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற்றமடைகிறவர்கள் பெரும்பாலும் பருவம் தவறிய தேயிலையை வாங்கியவர்களே. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய பிறகு இந்தப் பிரதேசத்தின் பெயர் உலகச் சந்தையில் பரவியது என்பது உண்மையே. ஆனாலும் பெயரை நிலைநிறுத்தியது காற்றுத்தான்.

நிலவியலாலும் ஊவா நமக்கு அயல். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் வீதியில் லுணுகலையை நெருங்கும்போதே தேயிலை கண்ணில் படத் தொடங்கிவிடும். அம்பாறையின் வயல்களுக்குப் பாயும் கல்லோயா பிறப்பதும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள அந்தக் குன்றுகளில்தான். அப்படியிருந்தும் நம்முடைய கடைகளில் தரப்பருவத்து ஊவாத் தேயிலையைத் தேடிப்பிடிப்பது கடினம். அது ஏலத்திலிருந்து நேரே கப்பலேறிவிடுகிறது.

நுவரெலியாவும் திம்புள்ளவும் ஒரே மாதிரியானவைதாமே?

இரண்டும் உயர்நிலம், ஆனால் ஒன்றல்ல. நுவரெலியா நகரமே 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு விளையும் தேயிலையின் சாயம் வெளிர் பொன்னிறமாகவும், மணம் பூ வாசத்தோடு மென்மையாகவும் இருக்கும். கடும் சாயத்துக்குப் பழகியவர் அதைப் பார்த்ததும் ‘தூள் காணாது’ என்று இன்னொரு கரண்டி போடுவார். மணம் அதனால் கூடாது, கசப்பே கூடும். ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகியவற்றை உள்ளடக்கிய திம்புள்ள சற்றுக் கனமானது. செம்பொன் நிறம், தெளிவு, விறுவிறுப்பு ஆகியவை அதன் அடையாளம். உயர்நிலத் தேயிலை என்றால் எப்படி இருக்கும் என்று ஒரே கோப்பையில் காட்டச் சொன்னால், திம்புள்ளவின் பி.ஓ.பி. எனப்படும் நறுங்கிய இலைத் தேயிலை ஒன்றையே எடுத்து வைக்கலாம். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குவதும் தலவாக்கலையில்தான்.

இவற்றின் தரப்பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது ஊவாவுக்கு நேர் எதிர். வாடைக்காற்று தன் மழையைக் கிழக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மேற்குச் சரிவுகளுக்கு வறண்டும் குளிர்ந்தும் போய்ச் சேரும் காலம் அது. நமக்கு மழை ஓய்ந்து வேளாண்மை வெட்டு நடக்கும் மாதங்கள்.

உடபுசல்லாவையும் கண்டியும்?

உடபுசல்லாவ, நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் இடையில் கிடப்பதால் இரு பருவங்களின் காற்றும் அதைத் தொடுகிறது. சாயம் சற்று ரோசா நிறம் கொண்டது. கண்டித் தேயிலை இடைநிலத்தது. மணத்தில் உயர்நிலத்துக்கும் சாயத்தில் தாழ்நிலத்துக்கும் இடைப்பட்ட, நம்பகமான அன்றாடத் தேயிலை அது.

தாழ்நிலத் தேயிலை என்றால் தரம் தாழ்ந்தது என்றுதானே பொருள்?

இந்த எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது, அது தவறு. இலங்கையின் மொத்த உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்டது தாழ்நிலத்திலிருந்தே வருகிறது. அதில் பெரும்பங்கு பெருந்தோட்டங்களுடையதல்ல. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு உடைமையாளர்களுடையது. ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற நாடுகளின் கொள்வனவாளர்கள் இந்தத் தேயிலைக்காகவே கொழும்பு ஏலத்தில் போட்டியிடுகிறார்கள். ஏலத்தில் நல்ல தாழ்நிலத் தேயிலை உயர்நிலத் தேயிலையைவிடக் கூடுதல் விலைக்குப் போவது புதுமையல்ல.

ருகுணுத் தேயிலையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இலை நீண்டு, கம்பி முறுக்கியதுபோல் சுருண்டு, கருகரு என்று இருக்கும். நல்லவற்றில் இடையிடையே பொன்னிறமான குருத்து முனைகள் மின்னும். ஊவாவின் பி.ஓ.பி.யோ சிறிதாக நறுங்கி, கறுப்பில் சற்றுப் பழுப்பு கலந்திருக்கும். வெந்நீரில் இட்டால் ருகுணு ஆழ்ந்த செந்நிறத்தையும், வாயை நிரப்பும் திடத்தையும், பின்னுக்கு ஒரு மெல்லிய இனிப்பையும் தருகிறது. சபரகமுவத் தேயிலையும் இதே குடும்பம். பாகு காய்ச்சிய மணம் அதில் சற்றுத் தூக்கலாக இருக்கும். பால்மா சேர்த்து ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கத்துக்கு, என் கணிப்பில், தாழ்நிலத் தேயிலையைப் போல் பொருந்துவது வேறில்லை.

ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்ற எழுத்துகள் தரத்தைக் குறிக்கின்றனவா?

இல்லை, இலைத்துண்டின் பருமனையே குறிக்கின்றன. உலர்ந்த தேயிலையைச் சல்லடைகளில் சலித்து, நீண்ட முழு இலையை ஓ.பி. என்றும், நறுங்கியதை பி.ஓ.பி. என்றும், அதனிலும் சிறியதை பி.ஓ.பி.எஃப். என்றும், கடைசியில் விழுவதை டஸ்ட் என்றும் பிரிக்கிறார்கள். ஓ.பி.யின் விரிவான ஓரேஞ் பீக்கோ என்ற பெயரிலுள்ள ஓரேஞ்சுக்கும் தோடம்பழத்துக்கும் தொடர்பில்லை. துண்டு சிறிதாக இருந்தால் சாயம் விரைவாக இறங்கும். தேநீர்க் கடைகள் டஸ்டை வாங்குவது அதனால்தான். நல்ல திம்புள்ளத் தோட்டத்தின் டஸ்ட், கவனமின்றிச் செய்த ஒரு ஓ.பி.யைவிடச் சிறப்பாக இருக்கலாம். ஒரே தரக்குறியீடு கொண்ட இரண்டு பிரதேசத் தேயிலைகளை ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு.

இந்தியத் தேயிலைகள் எப்படி வேறுபடுகின்றன?

அசாம், பிரம்மபுத்திரா ஆற்றின் தாழ்ந்த சமவெளி. வெப்பமும் மழையும் நிறைந்த அந்த மண்ணில் பேரிலை வகை செழித்து, முளைவிட்ட தானியத்தை வறுத்த வாசமும் கடும் சாயமும் கொண்ட தேயிலையைத் தருகிறது. கொழுந்தைப் பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு குருணைகளாக்கும் சி.ரி.சி. முறை 1930ஆம் ஆண்டளவில் உருவானதும் அங்கேதான். சி.ரி.சி. தேயிலையில் சாயமும் திடமும் உடனே இறங்கும். பிரதேச மணம் பெருமளவு மறைந்துவிடும். இலங்கை இன்னும் பெரும்பாலும் பழைய உருட்டும் முறையையே கைக்கொள்கிறது. நமது தேயிலையில் மலைக்கு மலை வேறுபாடு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டார்ஜிலிங் இதற்கு மறுதலை. இமயமலைச் சரிவில் வளரும் சீன வகைச் செடிகள் அவை. மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் கொழுந்து இளம்பச்சை சாயலோடு மென்மையாக இருக்கும்; மே, ஜூனில் வரும் இரண்டாம் கொழுந்தில் பழுத்த முந்திரிகைப் (திராட்சைப்) பழத்தின் வாசம் எழும். தத்துப்பூச்சி போன்ற சிறு பூச்சிகள் இலையைக் கடிக்கும்போது செடி அதற்கு எதிராகச் சுரக்கும் பொருள்கள் அந்த வாசத்துக்குத் துணை செய்கின்றன. 2004இல் புவிசார் குறியீடு பெற்ற முதல் இந்தியப் பொருள் இதுவே.

நீலகிரித் தேயிலையின் மணமும் தெளிவும் நமது உயர்நிலத் தேயிலையை நினைவூட்டும். அந்த மலைகளோடு நமக்கு வேறோர் உறவும் உண்டு: 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு அங்கு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது.

சீனா, கென்யா?

சீனாவின் கீமுன் தேயிலை அன்ஹுயி மாகாணத்தது. மெல்லிய புகையும் கோக்கோ வாசமும் கொண்டது. யுன்னான் தேயிலையில் பொன்னிறக் குருத்து மிகுதி, சுவை தேனை ஒத்தது. ஃபூஜியன் மாகாணத்தின் லாப்சாங் சூச்சோங் பைன் விறகின் புகையில் உலர்த்தப்படுவது. கருவாடு சுட்ட அடுப்படி நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. கென்யா நிலநடுக்கோட்டின்மேல் கிடப்பதால் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கிறது, பெரும்பாலும் சி.ரி.சி., பளிச்சென்ற செந்நிறம், நேரடியான விறுவிறுப்பு. உலகில் கறுப்புத் தேயிலையை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு அதுவே.

ஊவா இவ்வளவு அண்மையில் இருந்தும் நம் பகுதியில் தேயிலை ஏன் விளைவதில்லை?

தேயிலைக்கு மழையின் அளவைவிட அது ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதே முக்கியம். நமது மழை பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது; பிறகு மாதக்கணக்கில் வெயில். மண்ணும் ஒத்துவராது: தேயிலை 4.5 முதல் 5.5 வரை அமில–காரச் சுட்டெண் கொண்ட, நீர் தேங்காத அமில மண்ணை விரும்பும். கரையோர மணலும் வயல்வெளிக் களியும் அதற்கு உதவா.

ஒரே தேயிலை பதுளையில் குடித்தபோது இருந்த சுவை இங்கே வருவதில்லையே?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கல்லடி, காத்தான்குடி போன்ற மணற்பாங்கான கரையோரத்தில், நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு படையாக மிதக்கிறது. வெயில் காலத்தில் அந்தப் படை மெலிந்து கிணறு உவர்க்கத் தொடங்கும். கல்சியமும் இருகாபனேற்றும் கூடிய தண்ணீரில் தேநீர் பளபளப்பை இழந்து கறுத்து மங்கும். ஆறும்போது மேலே எண்ணெய்ப் படலம்போல் ஓர் ஆடை படியும், கோப்பையின் ஓரத்தில் வளையமாகக் கறை ஒட்டும். மென்மையான நுவரெலியாத் தேயிலை இதில் முற்றாகத் தோற்றுவிடும். ருகுணு ஓரளவு தாக்குப்பிடிக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் பல கிணறுகளைவிடத் தேநீருக்கு உகந்தது. குளோரின் வாசம் இருந்தால் திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டுக் கொதிக்க வைக்கலாம். நீண்ட நேரம் கேத்தலில் கொதித்துக்கொண்டே இருந்த நீரைத் தவிர்ப்பது நல்லது.

ஆறிய தேநீர் கலங்கிவிட்டால் அது கெட்டுவிட்டதா?

இல்லை. தியாஃபிளேவின்களும் கஃபீனும் குளிரும்போது ஒன்றோடொன்று பிணைந்து பாலாடை நிறத்தில் கலங்கலாகத் தோன்றுகின்றன. சுவைஞர்கள் இதைத் திடமான தேயிலையின் அடையாளமாகவே கொள்வர். மீண்டும் சூடாக்கினால் தெளிந்துவிடும்.

பால் சேர்த்தால் பிரதேச வேறுபாடு தெரியுமா?

ஓரளவுதான். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் கடுமை தணிகிறது. அதோடு மென்மையான மணமும் அடங்கிவிடுகிறது. ஆகவே பாலுக்கு ருகுணு, சபரகமுவ, அசாம். வெறுந்தேநீருக்கு நுவரெலியா, திம்புள்ள, பருவத்து ஊவா. இஞ்சி தட்டிப் போடுவதானால் விலையுயர்ந்த உயர்நிலத் தேயிலையை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

சுவைஞர்களுக்கான சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. குடிப்பதற்கு அது கடுமையாக இருக்கும். குறைகளும் சிறப்புகளும் மறைக்க முடியாமல் வெளிப்பட வேண்டும் என்பதே நோக்கம். ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகளில், சீனி இல்லாமல், ஒரே தண்ணீரில் மூன்று பிரதேசத் தேயிலைகளை ஊறவிட்டு வடித்து, முதலில் வடியில் தங்கிய ஈர இலையை முகர்ந்து பாருங்கள். பிரதேச மணம் சாயத்தைவிட அந்த இலையில்தான் தெளிவாகத் தங்கியிருக்கும். நன்கு செய்த தேயிலையின் ஈர இலை, புதிதாகத் துலக்கிய செம்பின் நிறத்தில் இருக்கும். பச்சை தட்டியிருந்தால் வினை முடியும் முன்பே உலர்த்திவிட்டார்கள், கறுத்து மங்கியிருந்தால் நேரம் கடந்துவிட்டது. பிறகு கரண்டியால் எடுத்து, ஓசை எழ உறிஞ்சுங்கள். வீட்டில் பெரியவர்கள் திட்டினாலும், மணம் மூக்குக்கு ஏற வேறு வழியில்லை.

வாங்கிய தேயிலையை எப்படி வைத்திருப்பது?

தேயிலை அருகிலுள்ள வாசனையையும் ஈரத்தையும் விரைவாக இழுத்துக்கொள்ளும். கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில் திறந்த பெட்டியில் வைத்து நிறுத்து விற்கும் தேயிலையை எந்த மலையில் விளைந்திருந்தாலும் வாங்க வேண்டாம். மாரிகாலத்து ஈரப்பதனில் திறந்த பக்கெற் சில வாரங்களிலேயே மணமிழந்துவிடும். மூடி இறுக்கமான தகரப் பேணியில், வெளிச்சம் படாமல், அடுப்புக்கும் மசாலாத் தட்டுக்கும் விலக்கி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தூளில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்குத் தேவையான அளவை மட்டும் வாங்குவது, ஒரு கிலோவை மலிவாக வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதைவிட நல்லது.